இடது கையின் உயரம்

"நவம்பர் 19, புதன்கிழமை. காலை 5.35 முதல் 6.50 வரை. வானம் தெளிவு. காற்று இல்லை. அடித்தவை நாற்பது. உள்ளே போனவை பதினொன்று. அதில் எட்டு, இடது கைக்குக் கீழே."

இது என் குறிப்பேட்டில் உள்ள பதிவு. அந்த நாற்பது பந்துகளையும் எதிர்கொண்டவள் என் மனைவி. போர்ட் பிளேரில், லம்பா லைன் பக்கம் உள்ள ஒரு சிமென்ட் தளத்தில், சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு ஹாக்கி ஆடும் பெண்கள் அணிக்கு அவள் கோல்கீப்பர். நான் ஆடுவதில்லை. வலைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்தப் பந்து எந்தப் பக்கம் போனது என்று எழுதுவேன். அலுவலகத்திலும் ஏறக்குறைய இதே வேலைதான். எந்தச் சரக்குக் கப்பல் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்தது, எப்போது கிளம்பியது என்று பதிவேட்டில் ஏற்ற வேண்டும். இருபது வருடமாக இதைச் செய்கிறவனுக்கு வீட்டிலும் கை சும்மா இருப்பதில்லை. மழை பிடித்த நேரம், விட்ட நேரம், மின்சாரம் போன நேரம் எல்லாம் என்னிடம் இருக்கும். "எங்க வீட்ல ரேஷன் கார்டு காணாமப் போகலாம், போன வருசம் ஜூலைல எத்தனை நாள் மழைங்கிறது காணாமப் போகாது" என்று என் மனைவி மற்றவர்களிடம் சொல்வாள்.

கடல் நடுவே இருக்கும் ஊரில் ஹாக்கி ஆட்டக்காரர்கள் ஐஸ் ஹாக்கி பற்றிப் பேசுவதற்குக் காரணம் எங்கள் பயிற்சியாளர். அவர் லடாக்காரர், ராணுவ வேலையில் இங்கே மாற்றலாகி வந்தவர். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. சிறுவயதில் உறைந்த குளத்தில் ஆடியே வளர்ந்தவருக்கு இங்கே வந்ததும் கை கால் ஓடவில்லை போலும். பனி இல்லையென்றால் சிமென்ட், கத்தி வைத்த காலணி இல்லையென்றால் சக்கரம் வைத்த காலணி, ரப்பர் வட்டு இல்லையென்றால் கெட்டியான ஆரஞ்சுப் பந்து என்று ஆரம்பித்துவிட்டார். முதலில் வந்தவர்கள் மூன்று பேர். நான் எழுதத் தொடங்கிய ஜூன் மாதத்தில் பத்துப் பெண்கள்.

என் மனைவிக்குச் சொந்த ஊர் கோவில்பட்டி. அங்கே ஹாக்கி மட்டை இல்லாத தெருவைப் பார்ப்பது அரிது. கல்லூரி அணிக்கு மூன்று வருடம் கோல்கீப்பராக நின்றவள். கல்யாணமாகி இங்கே வந்தபிறகு பதினோரு வருடம் மட்டையைத் தொடவில்லை. ஒரு மருந்துக்கடையில் வேலை. எங்கள் வீடு இருக்கும் கராச்சர்மாவிலிருந்து பஸ் பிடித்துப் போய், பஸ் பிடித்துத் திரும்புவாள். இந்த அணிக்கு கோல்கீப்பர் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள் என்று கடைக்கு வந்த ஒரு பெண் சொல்லப்போய், மறுநாள் காலை போய் நின்றுவிட்டாள். அவளுக்கு வயது முப்பத்தாறு.

அக்டோபர் முதல் வாரத்தில் பயிற்சியாளர் ஒரு செய்தி சொன்னார். பனியே இல்லாத ஊர்களிலிருந்து வரும் பெண்களுக்கு, ஜனவரியில் லடாக்கில் பத்து நாள் முகாம். உறைந்த ஏரியின் மேல் ஆட்டம். அதற்கான தேர்வு டிசம்பர் 13, 14 தேதிகளில், மெயின்லேண்டில் ஒரு வடநாட்டு நகரத்தில், கூரைக்குள் அமைத்த பனித்தளத்தில் நடக்கும். எடுக்கப்போவது இரண்டே கோல்கீப்பர். எங்கள் அணியிலிருந்து என் மனைவியின் பெயரை அவர் அனுப்பியிருந்தார். பிப்ரவரியில் அவருக்கு வேறு இடத்துக்கு மாற்றல். அவர் போனபிறகு அணி இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே இந்த ஒரு தடவைதான்.

அன்று ஸ்கூட்டரில் வீட்டுக்குத் திரும்பும்போது பின்னாலிருந்து சொன்னாள்: "ஐஸ்னா எனக்குத் தெரிஞ்சது ஜங்லிகாட் மார்க்கெட்டு மீன் பெட்டிதாங்க. அதுமேல ஒருதடவ நின்னு பாத்துரணும்."

அவள் எதையும் வேண்டும் என்று இப்படி நேராகச் சொல்கிறவள் அல்ல. நான் அன்று இதையும் எழுதி வைத்தேன்.

இங்கே கையுறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விரல் விரலாகப் பிரிந்திருக்கும் சாதாரணக் கையுறை அல்ல இது. விக்கெட் கீப்பரின் கையுறையைப்போல் இரண்டு பங்கு பெரியது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே பந்து விழுவதற்கு ஒரு ஆழமான பை. இது இடது கைக்கு மட்டும். வலது கையில் மட்டை, அந்தப் புறங்கையில் பந்தைத் தட்டிவிட ஒரு தட்டையான பலகை. எங்கள் கையுறை, பயிற்சியாளர் விடுமுறைக்குப் போனபோது ஊரிலிருந்து கொண்டுவந்த பழையது. இந்த ஊர் ஈரத்தில் அது காய்வதே இல்லை. ஒவ்வொரு நாளும் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே, வாயைத் திறந்து வைக்க உள்ளே ஒரு தேங்காயைச் செருகி வைப்போம். சரியாகக் காயாத நாளில் அதன் வாடை சமையலறை வரைக்கும் வரும். ஒருமுறை பூஞ்சை பூத்து, அவள் கடையிலிருந்து கொண்டுவந்த ஸ்பிரிட்டால் துடைத்ததும் குறிப்பில் இருக்கிறது.

கையுறையை எங்கே வைத்துக்கொள்வது என்பதைப் பயிற்சியாளர் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்தார். அவர் பேசுவது இந்தி. எங்கள் அணியில் எல்லோரும் பேசுவது அதுதான். நான் தமிழில் தருகிறேன். முழங்கை விலாவில் ஒட்டக் கூடாது, சற்று முன்னால் வர வேண்டும். கையுறை இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, உடம்புக்கு முன்னால், வாய் அடிப்பவரைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். தலையைத் திருப்பாமலே இரண்டு கையும் தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் கை தப்பான இடத்தில் இருக்கிறது. முன்னால் நீட்டுவது எதற்கென்றால், விளக்குக்கு அருகே கையைக் கொண்டுபோனால் சுவரில் நிழல் பெரிதாவதுபோல, பந்துக்கு அருகே போகப் போக ஒரே கையுறை வலையில் அதிக இடத்தை மறைக்கும். இடுப்புக்கு மேல் வைப்பது எதற்கென்றால், அங்கிருந்து மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். உயர்த்தியே வைத்திருந்தால் கீழே வரும் பந்துக்குக் கை இறங்கி வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

ஜூன் முதல் அக்டோபர் கடைசி வரைக்கும் அவள் கை அந்த இடத்தில்தான் இருந்தது. நாற்பதுக்கு ஐந்து, ஆறு என்றுதான் உள்ளே போகும். அவையும் எல்லாப் பக்கமும் பரவியிருக்கும். நவம்பரில் எண்ணிக்கை ஏறியது. ஏறியவை எல்லாம் ஒரே ஜன்னல் வழியாக: இடது கைக்குக் கீழே, இடது காலுக்கு மேலே. எங்கள் அணியில் பலமாக அடிப்பவள் சிப்பிகாட்டிலிருந்து ஸ்கூட்டியில் வரும் ஒரு வங்காளி ஆசிரியை. அவளுக்கு அந்த ஜன்னல் இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. தளத்தின் எந்த மூலையிலிருந்து அடித்தாலும் அங்கேதான் அடித்தாள்.

"தீதி, ஹாத் நீச்சே!" என்று பயிற்சியாளர் கத்துவார். அக்கா, கையை இறக்கு. கை இறங்கும். அடுத்த பந்துக்கு மறுபடி ஏறி நிற்கும்.

நானும் பயிற்சியாளரும் சேர்ந்து காரணம் கண்டுபிடித்தோம். காரணம் கோவில்பட்டி. புல்தரை ஹாக்கியில் கோல்கீப்பர் பந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. உள்ளங்கையை விரித்துத் தள்ளிவிட வேண்டும். உயரமாக வரும் பந்துக்குக் கையைச் சுவர்போல நிறுத்துவார்கள். தேர்வு நெருங்க நெருங்க பழைய பழக்கம் தலைதூக்குகிறது என்று முடிவு செய்தோம். படித்த விஷயங்களையெல்லாம் கோத்து நானே இதை அவருக்கு விளக்கினேன். அவரும் தலையை ஆட்டினார். எனக்கு அப்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சிகிச்சையும் நாங்களே எழுதிக்கொடுத்தோம். மாலையில் அவள் கடையிலிருந்து வந்ததும், எங்கள் மாடி வராந்தாவில் நான் ஒரு முனையில் நின்று டென்னிஸ் பந்தை எறிய வேண்டும். அவள் மறுமுனையில் கையுறையோடு நின்று பிடிக்க வேண்டும், தள்ளக் கூடாது. ஒரு நாளைக்கு நூறு பந்து. முதல் நாளிலிருந்தே தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் பிடித்தாள். கையுறை இடுப்புக்கு மேலே, சொல்லிவைத்த இடத்தில் இருந்தது. நான் அதையும் எழுதினேன். எழுதிவிட்டு, வராந்தாவில் சரியாக இருக்கும் கை தளத்தில் ஏன் ஏறுகிறது என்று யோசிக்காமல், நாளைக்கு நூற்றைம்பது பந்து என்று கீழே குறித்தேன்.

நவம்பர் 22 காலை பதின்மூன்று உள்ளே போனது. வீட்டுக்கு வந்ததும் கையுறையைச் சோபாவில் எறிந்தாள்.

"பழைய பழக்கம் இன்னும் போகல" என்றேன்.

"எது பழைய பழக்கம்? நீங்க என்னைக்குக் கோவில்பட்டில வந்து என் மேட்ச பாத்தீங்க? எங்க சார் என்னைய கைய கீழ வைக்கச் சொல்லி முட்டில பிரம்பால தட்டுவாரு. நான் அங்கயும் கைய தூக்குனவ இல்ல."

"அப்ப பயமா இருக்கும். செலக்‌ஷன் வருதுல்ல."

"ஆமா, பயம். வராந்தால ஒங்கள பாத்தா பயம் இல்ல, அந்தப் பெங்காலி டீச்சர பாத்தா பயம். அவ எங்கிட்ட மாத்திரை வாங்க வாரவ. ஏங்க, ஒரு சோலி செய்யுங்க. நாளைலருந்து வந்து எழுதாதீங்க. பின்னால பேனா சத்தம் கேட்டாலே எனக்கு இன்னொரு கோல் விழுந்த மாதிரி இருக்கு."

மறுநாள் ஞாயிறு. அவளைத் தளத்தில் இறக்கிவிட்டு, நாற்காலியைப் போடாமல், எதிர்ச் சாரியில் இருக்கும் பாய் கடைக்குப் போனேன். பாய்க்குப் பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம். அவருடைய அத்தா காலத்திலேயே இங்கே வந்து கடை போட்டவர்கள். மளிகை, மொபைல் கவர், குடை, டீ என்று எல்லாம் உண்டு. காலை ஐந்தரைக்கெல்லாம் திறந்துவிடுவார். ஐந்து மாதமாக எங்கள் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவர்கள் என்று எண்ணினால் நானும் அவரும்தான்.

"வாங்க கிளார்க் சாரே. என்ன இன்னைக்கு ரெஜிஸ்டர் இல்லாம வந்துருக்கீக? சஸ்பெண்டா?"

"அப்படித்தான்."

"யாரு, வீட்லயா? நல்லது. வீட்ல பண்ணுனா பென்ஷன் போகாது." டீயை நீட்டிவிட்டுத் தளத்தைப் பார்த்தார். "நானும் கேக்கணும்னு இருந்தேன். தங்கச்சி இப்பல்லாம் யாருக்கு சலாம் வச்சுக்கிட்டே நிக்கிது?"

"சலாமா?"

"அந்தப் பெரிய கைய தூக்கி மூஞ்சிக்கிட்ட வச்சுக்கிட்டு நிக்கிதுல்ல. மழைக் காலத்துல நல்லாத்தான் நின்னுச்சு. இருங்க, இந்தப் படுதாவ இறக்கிட்டு வாரேன். இந்த வெயிலு பிஸ்கட் பாக்கெட்டெல்லாம் உருக்கிப்புடும்."

கடை முகப்பில் சுருட்டிக் கட்டியிருந்த நீலப் படுதாவின் கயிற்றை அவிழ்த்து இறக்கினார். அதற்குள் ஒரு இடைவெளி வழியாகத் தளத்தைப் பார்த்தவர், டீக்கரண்டியால் சுட்டிக்காட்டினார்.

"அரே, பாருங்க. நான் படுதாவ இறக்குறேன், தங்கச்சி கைய ஏத்துது. டெய்லி இதான் நடக்குது. ரெண்டு பேருக்கும் ஒரே டூட்டி."

பார்த்தேன். கோல் தளத்தின் மேற்குக் கோடியில் இருந்தது. அவள் கிழக்கே பார்த்து நின்றாள். எதிரே இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலிருந்து சூரியன் நேராக அவள் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தலைக்கவசத்தில் கம்பி வலை உண்டு, முன்விளிம்பு இல்லை. கையுறை முகத்துக்கு முன்னே உயர்ந்து, சரியாகக் கண் மேல் ஒரு நிழலைப் போட்டுக்கொண்டிருந்தது.

நாங்கள் மெயின்லேண்டின் கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாழ்கிறோம். சூரியனுக்கு அந்தக் கடிகாரம் தெரியாது. கோவில்பட்டியில் ஆட்டத்துக்கு ஆள் சேரும் நேரத்தில் இங்கே வெயில் ஏறி நிற்கும். மாலை ஐந்துக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். வேலைக்குப் போகிறவர்கள் ஆட வேண்டுமென்றால் விடிந்த கையோடு ஆட வேண்டும். இது எங்களுக்கு அத்தனை பழகிப்போன விஷயம். அதனால்தான் யாருக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் குறிப்பேட்டை விரித்தேன். ஒவ்வொரு நாளும் முதல் வரியில் வானத்தின் நிலையை எழுதுவது என் வழக்கம். கோல் கணக்கு கடைசி வரி. இரண்டும் ஒரே பக்கத்தில் ஐந்து மாதமாக இருந்திருக்கின்றன. ஒருநாள்கூட நான் அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. இப்போது ஒரு தனித் தாளில் எடுத்து எழுதினேன். நவம்பரில் "மேகம்" என்றும் "தூறல்" என்றும் உள்ள நாட்களில் ஐந்து, ஆறு, ஐந்து. "வானம் தெளிவு" என்ற நாட்களில் பத்து, பதினொன்று, பதின்மூன்று. ஜூன், ஜூலையில் தெளிவான காலைகள் சில உண்டு. அன்றும் கணக்கு ஏறவில்லை. அது ஏன் என்று சற்று நேரம் புரியவில்லை. பிறகு சாயங்காலம் தளத்துக்குப் போய், கட்டடங்கள் எந்தத் திசையில் நிற்கின்றன என்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஜூனில் சூரியன் வடக்கே தள்ளி, பாய் கடை இருக்கும் கட்டடத்துக்குப் பின்னால் எழும். தளத்தில் நிழல்தான். அக்டோபருக்குப் பிறகு அது தெற்கே நகர்ந்து அந்த இரண்டு கட்டடங்களின் நடுவே வந்துவிட்டது.

அந்தத் தாளில் இன்னொரு வரியையும் சேர்த்தேன், எழுதாமல் விட மனம் வரவில்லை. "அக்டோபர் 30. தொப்பி வாங்கினேன்." வலைக்குப் பின்னால் உட்கார்ந்து அதே சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த நான், எனக்குக் கண் கூசுகிறது என்று முன்விளிம்பு வைத்த தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டேன். அந்தத் தொப்பிக்கு அடியிலிருந்துகொண்டுதான் அவளுடைய கோவில்பட்டிக் கையைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன்.

அன்று இரவு தாளை அவளிடம் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"வெயிலா? நான் வெயிலுன்னு நெனச்சதே இல்லங்க. பந்து திடீர்னு தெரியும், அவ்வளவுதான். கைய நான் தூக்கல."

"தூக்குற. பாய் பாத்திருக்காரு."

"பாய் பாத்திருக்காரு. நீங்க பின்னாலயே ஒக்காந்துருந்தீங்க." கடைசி வரியைத் தொட்டாள். "இந்தத் தொப்பியக் கொண்டாங்க, அடுப்புல போடுறேன்."

தொப்பியை அடுப்பில் போடவில்லை. மருந்துக்கடைக்குப் போகும்போது தானே போட்டுக்கொண்டு போனாள். என்னை மறுபடி எழுதவும் வரச் சொன்னாள்.

கோல் ஏன் எப்போதும் மேற்குக் கோடியிலேயே இருந்தது என்பதற்கும் காரணம் இருந்தது. தளம் கிழக்குப் பக்கம் கொஞ்சம் சரிவு. மழை பெய்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். மே மாதம் யாரோ கோலை மேற்கே இழுத்துப் போட்டார்கள். நவம்பரில் தேக்கம் காய்ந்துவிட்டது. கோல் போட்ட இடத்திலேயே கிடந்தது. இரும்புக் குழாயில் பட்டறைக்காரர் பற்றவைத்துக் கொடுத்தது, ஆறு பேர் வேண்டும் தூக்க. செவ்வாய்க்கிழமை காலை பயிற்சியாளர் தாளைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், தன் நெற்றியில் ஒருமுறை அடித்துக்கொண்டார். பிறகு கோலின் ஒரு காலைப் பிடித்தார்.

இப்போது சூரியன் என் மனைவியின் முதுகில். அடிக்க வந்தவர்களின் கண்ணில். வங்காளி ஆசிரியை முதல் பந்தை வேலிக்கு அடித்தாள், இரண்டாவதை பயிற்சியாளரின் முழங்காலுக்கு அடித்தாள்.

"தீதி, யே சீட்டிங் ஹை! எனக்கு ஒண்ணும் தெரியல!"

"ஒரு மாசமா எனக்குத் தெரியலயே, அப்ப எங்க இருந்த?" என்றாள் இவள், இந்தியும் தமிழும் கலந்து. "கைய தூக்கிக்கோ. நல்லா இருக்கும்."

ஆனால் கை உடனே இறங்கிவிடவில்லை. முதல் இரண்டு நாளும் வெயிலே இல்லாத பக்கம் நின்றுகொண்டு அவள் நெற்றிக்கு நிழல் கட்டினாள். மூன்று வாரத்தில் ஏறிய பழக்கம். பயிற்சியாளர் கத்துவதை விட்டுவிட்டு ஒரு வேலை செய்தார். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அவள் தன் இரண்டு கையையும் கண்ணால் பார்த்து, "ஒண்ணு, ரெண்டு" என்று சத்தமாக எண்ண வேண்டும். எண்ணியபிறகுதான் அடிப்பார்கள். தளம் முழுக்க அந்த எண்ணிக்கை கேட்கும். பாய் கடையிலிருந்து "மூணு!" என்று பதில் வரும். நவம்பர் 29, வானம் தெளிவு, ஏழு. டிசம்பர் 2, வானம் தெளிவு, ஐந்து. டிசம்பர் 9, கடைசிப் பயிற்சி, வானம் தெளிவு, நான்கு. இடது கைக்குக் கீழே ஒன்றும் இல்லை.

டிசம்பர் 11 அவளும் பயிற்சியாளரும் விமானத்தில் போனார்கள். அந்த வாரம் நான்கு கப்பல்கள் அடுத்தடுத்து வந்ததால் எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. இனிமேல் எழுதப்போவது நான் பார்த்தது அல்ல. அவளும் அவரும் சொன்னது.

12-ஆம் தேதி மாலை, பழகிப் பார்க்க ஒரு மணி நேரம் பனித்தளத்தில் விட்டிருக்கிறார்கள். இரவு தொலைபேசியில் பேசினாள்.

"நின்னுட்டேங்க. ரெண்டு தடவ விழுந்தேன். மீன் பெட்டி வாடை இல்ல, வேற ஒண்ணும் வித்தியாசம் இல்ல." பிறகு சொன்னாள்: "ஆனா இங்க வெளிச்சம் கீழருந்து வருது. தரை பூரா வெள்ளை. கண்ணு கூசுது."

"கை?"

"மேல தூக்கி என்ன பிரயோஜனம், கீழருந்துல்ல வருது. கீழயே வச்சிருக்கேன்."

மொத்தம் ஐந்து கோல்கீப்பர்கள் வந்திருந்தார்கள். மற்ற நால்வரும் இவளைவிடப் பத்து வயதாவது இளையவர்கள். சனிக்கிழமை முடிவில் ஒரு மலைநாட்டுப் பெண்ணின் இடம் உறுதியாகிவிட்டது. இரண்டாவது இடத்துக்கு இவளும் இன்னொரு பெண்ணும் சமமாக நின்றார்கள். ஞாயிறு காலை இருவருக்கும் ஆளுக்கு ஐந்து வாய்ப்பு என்று வைத்தார்கள். ஒருவர் தனியாக வட்டை ஓட்டிக்கொண்டு வந்து அடிப்பார், கோல்கீப்பர் தடுக்க வேண்டும். மற்றவள் முதலில் நின்று இரண்டு விட்டாள். இவள் முதல் நான்கில் ஒன்று விட்டாள், காலுக்கு நடுவே. ஐந்தாவதும் போனால் மறுபடி சமம், மறுபடி ஒரு சுற்று. முழங்கால் ஏற்கெனவே வீங்கியிருந்தது. இன்னொரு சுற்றுக்குத் தன்னால் எழுந்து நிற்க முடிந்திருக்காது என்கிறாள்.

ஐந்தாவதை அடித்தவள் உயரமான பெண். இடது பக்கமாக வந்து, இடது கைக்குக் கீழே, அதே ஜன்னலுக்கு அடித்தாள். டங் என்று சத்தம். வட்டு வெளியே உருண்டது.

இரண்டாவது கோல்கீப்பராக என் மனைவியின் பெயரை அன்று மதியமே வாசித்துவிட்டார்கள். 16-ஆம் தேதி பட்டியல் எழுத்தில் வந்தது. அதன் நகல் என்னிடம் இருக்கிறது. ஜனவரி பயணத்துக்குக் கடையில் விடுப்பும் சொல்லியாகிவிட்டது. இதுவரை எழுதியவற்றில் ஐயம் இல்லை.

ஐயம் அந்த ஐந்தாவது அடியில்தான். கை சரியான இடத்தில் இருந்தது, வட்டு கையுறையின் கீழ் விளிம்பில் பட்டுத் திரும்பித்தான் கோல் கம்பத்தில் இடித்தது, சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது என்று பயிற்சியாளர் அடித்துச் சொல்கிறார். அவர் பக்கவாட்டில், வேலியை ஒட்டி நின்றிருந்தார். என் மனைவி ஒப்புக்கொள்வதில்லை.

"கைல ஒண்ணும் படல. பட்டா தெரியாதா எனக்கு? அது கோல் கம்பிங்க. நேரா கம்பி."

"கை எங்க இருந்துச்சு?"

"எண்ணுனேன். ரெண்டும் தெரிஞ்சுச்சு. அதுக்கு மேல கேக்காதீங்க."

கையுறை தடித்தது, விளிம்பில் லேசாக உரசினால் உள்ளே இருக்கும் விரலுக்குத் தெரியாமல் போகலாம் என்று பயிற்சியாளர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு கைப்பேசிப் படம் கிடைத்தது. எதிர்க் கோடியிலிருந்து எடுத்தது. அடித்தவளின் முதுகு வட்டை மறைக்கிறது. பதினேழு தடவை ஓட்டிப் பார்த்தேன். அடித்த பெண்ணுக்குச் செய்தி அனுப்பிக் கேட்டேன். கம்பி என்றுதான் நினைக்கிறேன், நிச்சயமில்லை என்று பதில் எழுதினாள்.

ஆகவே டிசம்பர் 14-க்கான பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: "அடித்தவை ஐந்து. உள்ளே போனது ஒன்று. ஐந்தாவது, கையுறையில் பட்டதா, நேராகக் கம்பத்தில் பட்டதா என்பது சரிபார்க்கப்படவில்லை."